வேதத்தைக் காக்கத் தமிழைக் கைவிடலாமா?



இதனை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாகத் தயங்கினேன். எழுதினால் என் சபையாருள் சிலர் முகம் சுளிப்பார்கள். என் ஆசிரியத் தோழர்களுள் சிலரும் சினம் கொள்வார்கள். இரு தரப்பையும் சேர்ந்தவளாகிய நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார் என்று துணிந்துவிட்டேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிறித்துவ வீட்டில் பிறந்து இன்றுவரை அந்நம்பிக்கையிலேயே வாழ்பவள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால், அப்படி எண்ணுகின்ற இளம் பெற்றோர் நம்மிடையே தோன்றிவிட்டனர் என்பதை அண்மையில் பூச்சோங்கில் ஒரு வீட்டில் நேரில் கண்டேன்.

பாட்டியின் வேதாகமம்

என் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டு ஜெபக்கூட்டத்திற்கு அழைத்திருந்தாள். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என்னிடம் படித்தவள். தமிழில் கெட்டிக்காரி. கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் பள்ளிக்குப் பரிசு வாங்கித் தந்தவள். இன்று கணவனும் மனைவியும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பூச்சோங்கில் சொந்தமாக அடுக்குமாடி வீடு. ஏழு வயதில் ஒரு மகன். மாமியார் உடன் இருக்கிறார்.

அந்த அம்மையார் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். நாள்தோறும் இரவில் தமிழ் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்காமல் உறங்கியதில்லையாம். இப்பொழுது இனிப்புநீர் நோயால் கண்பார்வை மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

கூட்டம் முடிந்து பசியாறிக் கொண்டிருந்தபோது பாட்டி பேரனை அழைத்தார். "இருபத்து மூன்றாம் சங்கீதத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டு ராசா" என்றார். பையன் புத்தகத்தை வாங்கினான். இரண்டு பக்கங்களைப் புரட்டினான். பிறகு மூடி வைத்துவிட்டு, "இங்கிலீஷில் படிக்கவா பாட்டி?" என்று கேட்டான். தன் கைக்கணினியைத் திறந்து மிக அழகாக, ஒரு சொல்லும் தடுக்காமல் ஆங்கிலத்தில் வாசித்தான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. இறுதிவரை அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஆமென்" என்று மட்டும் சொன்னார்.

"இவன் பள்ளியில் தமிழ் படிக்கவில்லையா அம்மா?" என்று என் மாணவியைக் கேட்டேன்.

"பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம் டீச்சர். வீட்டில்தான் படிக்கிறான்" என்றாள்.

முதலாம் ஆண்டில் அரையாண்டு மட்டுமே தமிழ்ப்பள்ளிக்குச் சென்றிருக்கிறான். அதன்பின் வீட்டுக்கல்வி. அமெரிக்கக் கிறித்துவப் பாடத்திட்டம். அதில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வேதம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை, மலாயும் இல்லை.

ஏன் நிறுத்தினார்கள்?

இவ்விடத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் தலைகுனிய வேண்டும்.

சரசுவதி பூசை நாளன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நெற்றியில் திருநீறு இட்டிருக்கிறார்கள். இவனுக்கும் இட்டார்கள். வீட்டில் பழக்கமில்லாத பிள்ளை கையால் துடைத்துவிட்டான். அதைக் கண்ட ஓர் ஆசிரியர் அத்தனை மாணவர் முன்னிலையில், "தமிழனாகப் பிறந்துவிட்டு இதென்ன பழக்கம்?" என்று கடிந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து வகுப்பில் அவனுக்கு 'வேதக்காரன்' என்று பெயர். பையன் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்று அழத் தொடங்கினான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெற்றோர் நிறுத்திவிட்டனர்.

எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இதே காட்சியை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இப்படிப்பட்ட வரிசையில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிறித்துவள் என்பது அவளுக்குத் தெரியும். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலும். சக ஆசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே, அந்த ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தமிழ்ப்பள்ளியில் சரசுவதி பூசையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நம் மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் கல்வித் தெய்வத்தை வணங்கிப் பாடத்தைத் தொடங்குவது அவர்களின் உரிமை. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள். 6 விழுக்காட்டினர் கிறித்துவர்கள். அஃதாவது, இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோதான் கிறித்துவப் பிள்ளைகளாக இருப்பர். அந்த ஒரு பிள்ளையை நினைவில் வைத்திருப்பது ஆசிரியருக்கு அவ்வளவு கடினமா? 'விருப்பமுள்ளோர் மட்டும் வரலாம்' என்னும் மூன்று சொற்களைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

'தமிழன்' என்பது மொழியால் வந்த பெயர். சமயத்தால் வந்த பெயர் அன்று. நெற்றியில் திருநீறு இல்லாதவன் தமிழன் அல்லன் என்று ஓர் ஆசிரியரே சொன்னால், 'அப்படியானால் தமிழ் எனக்கு வேண்டாம்' என்று அக்குடும்பம் போய்விடுவதில் வியப்பு என்ன? இங்கே பிள்ளையைத் தமிழிலிருந்து முதலில் விரட்டியவர் தமிழாசிரியரே!

சட்டம் யார் பக்கம்?

ஆனால் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு கேள்வி. அச்சம்பவம் நடந்த மறுநாள் நீங்கள் தலைமையாசிரியரைச் சென்று பார்த்தீர்களா? ஒரு கடிதமாவது எழுதினீர்களா?

என் மாணவி எழுதவில்லை. "எதற்கு டீச்சர் வீண் சண்டை?" என்றாள்.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. எவரையும் தம் சமயமல்லாத பிறிதொரு சமயத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்கேற்கவோ கட்டாயப்படுத்த இயலாது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் சமயத்தை முடிவு செய்யும் பொறுப்பைப் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ அளிக்கிறது. நாட்டின் தலையாய சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது. அரைப்பக்கக் கடிதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல் இது. அதைச் செய்யாமல் பிள்ளையின் பள்ளிவாழ்க்கையையே முடித்துவிட்டீர்கள்.

மறுபுறம், பள்ளியைவிட்டு நிறுத்தும் செயலுக்குச் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்வழி 29ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டின் முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அவ்வாண்டே தொடக்கப்பள்ளியில் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்தால் மட்டும் போதாது, கட்டாயக் கல்விக்காலம் முழுவதும் அங்கே மாணவனாகவே இருத்தல் வேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. நடைமுறையில் அது பெரும்பாலும் நோயுற்ற பிள்ளைகளுக்கும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்குமே கிடைக்கிறது. 2025-இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இறுகிக்கொண்டே வருகிறது.

இதைச் சொல்வது யாரையும் அச்சுறுத்துவதற்காக அன்று. சபையில் ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றொருவரும் செய்கிறார். விலக்குக் கேட்டு எழுத வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கல்வியே தவறா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பள்ளியின் இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகளை நான் அறிவேன். நோயினால் நடமாட இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே எழுத்தறிவித்த தாயையும் அறிவேன். அத்தகைய தாய்மாரை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் படித்த கற்பித்தல் முறைகள் எல்லாம் ஒரு தாயின் பொறுமைக்கு முன்னால் எம்மாத்திரம்?

நான் கேட்பது வேறொன்று. வீட்டுக்கல்வி என்றால் அது அந்த வீட்டின் கல்வியாக இருக்க வேண்டாமா? அந்த வீட்டில் பாட்டி இருக்கிறார். பாட்டியின் மொழி இருக்கிறது. பாட்டியின் வேதாகமம் இருக்கிறது. அவற்றுள் ஒன்றுகூட அந்தப் பிள்ளையின் பாடத்தில் இல்லையே!

அவன் மேசையிலிருந்த பயிற்சிநூல்களைப் புரட்டிப் பார்த்தேன். 1970-இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'அக்சலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்' என்னும் அமைப்பின் நூல்கள். ஒரு பாடத்திற்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு சிறுநூல்கள். பிள்ளை தானே படித்து, தானே கோடிட்ட இடங்களை நிரப்பி, விடைநூலைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டு அடுத்த நூலுக்குச் செல்ல வேண்டும். இம்முறையைப் பின்பற்றும் நிலையங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே தனித்து அமர்ந்திருப்பான். ஐயம் எழுந்தால் சிறு கொடியைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

இம்முறையில் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளை தன் வேகத்தில் கற்கிறான். ஒரு நூலில் தேறாமல் அடுத்த நூலுக்குத் தாவ முடியாது. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளை மொழியைக் கோடிட்ட இடத்திலா கற்பான்? பக்கத்துப் பிள்ளையோடு சண்டையிட்டு, சமாதானமாகி, பொய் சொல்லி, அகப்பட்டு, கதை கேட்டு, அதை மாற்றிச் சொல்லியல்லவா கற்பான்? மேலும், அந்நூல்கள் அமெரிக்கப் பிள்ளைக்காக எழுதப்பட்டவை. பூச்சோங் பிள்ளைக்கு வீட்டு வாசலில் இருக்கும் உலகம் அதில் எங்கே வரும்? கின்றாரா, காசல்பீல்டு என்னும் பெயர்கள் பூச்சோங் வட்டாரத்தில் தோட்டங்களின் பெயர்களாக இருந்தவை. தோட்டங்கள் அழிந்து தாமான்களும் நெடுஞ்சாலைகளும் வந்த பின்பும், அங்கிருந்த தமிழ்ப்பள்ளிகள் அப்பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. பாட்டி பால்மரம் வெட்டிய கதையும் அப்படியொரு தோட்டத்துக் கதைதான். அதைச் சொல்லித்தர டெக்சாசிலிருந்து நூல் வருமா?

வேதம் நமக்கு எப்படி வந்தது?

'பிள்ளையின் விசுவாசத்தைக் காக்கவே நிறுத்தினோம்' என்பது பெற்றோரின் விடை. சரி, அந்த விசுவாசம் நம் முன்னோருக்கு எந்த மொழியில் வந்தது?

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது, பதினாறே பக்கம். அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் மீனவ மக்களிடையே வாழ்ந்து தமிழைக் கற்று உருவாக்கிய ஞானோபதேச நூல். தம் மொழியை மக்கள்மேல் திணிக்காமல் மக்களின் மொழியைத் தாம் கற்றார்.

1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் செருமானியரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் தமிழ் கற்ற முறையை ஒவ்வொரு கிறித்துவப் பெற்றோரும் அறிய வேண்டும். உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துத் தம் இருப்பிடத்திலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். இருபது வயதைத் தாண்டிய அந்தப் படித்த மனிதர் சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். அவருக்குக் கற்பித்தவர் கிறித்துவர் அல்லர். அவரிடம் எழுத்துக் கற்றதால் சீகன்பால்குவின் விசுவாசம் கெட்டுவிட்டதா? அந்த மணலெழுத்திலிருந்துதான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. பாட்டியின் மடியிலிருக்கும் தமிழ் வேதாகமத்தின் வரலாறு அந்தத் தரங்கம்பாடி மணலில் தொடங்குகிறது. பேரனோ மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அதை மூடி வைக்கிறான்.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், 'எ'கர 'ஏ'காரத்தையும் 'ஒ'கர 'ஓ'காரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் வரிவடிவத்தை நமக்குத் தந்தார். நான் முதலாம் ஆண்டு மாணவருக்கு இரட்டைச் சுழிக் கொம்பைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் ஒரு கிறித்துவத் துறவியின் உழைப்பைத்தான் கற்பிக்கிறேன்.

நம் நாட்டிற்கு வருவோம். மலாயாவில் தமிழ்க்கல்வி தொடங்கியது 1816-இல், பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். அப்பள்ளியை நிறுவியவர் ஆர். எஸ். ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலிக்கப் பாதிரியார். 2016-இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோமே, அது அந்த வகுப்பை வைத்துக் கணக்கிட்டதுதான். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவர் யார்? மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த தனிநாயகம் அடிகளார். அவர் கத்தோலிக்கத் துறவி.

ஆகவே, 'தமிழ்ப்பள்ளி இந்துக்களின் இடம். நமக்கு அங்கே வேலை இல்லை' என்று எந்தச் சபையில் யார் சொன்னாலும் அவர் தம் வரலாறு அறியாதவர். அந்த வீட்டிற்கு அடித்தளம் இட்டவர்களுள் நாமும் உண்டு. நம் வீட்டில் யாரோ ஒருவர் கடிந்துகொண்டார் என்பதற்காக வீட்டையே விட்டுக்கொடுப்பதா?

யாரைப் பார்த்து நடக்கிறோம்?

வீட்டுக்கல்வியை ஆதரிப்போர் சூசன்னா வெஸ்லியை எடுத்துக்காட்டுவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாயார். பெற்ற பத்தொன்பது பிள்ளைகளுள் தப்பிப் பிழைத்த பத்துப் பேருக்கும் வீட்டிலேயே கல்வி புகட்டியவர். ஐந்து வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பித்து, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தார். போற்றத்தக்க தாய்தான். ஆனால், அவர் எந்த மொழியில் கற்பித்தார்? தம் வீட்டு மொழியில், தம் வீட்டு வேதாகமத்தை வைத்துக் கற்பித்தார். அந்த ஜான் வெஸ்லியும் பத்து வயதில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். முழுதும் எடுத்துக்காட்டுங்கள், பாதியை மறைக்காதீர்கள்.

இன்னும் சிலர் அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைச் சொல்வர். 1972-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சமய உரிமையை முன்னிட்டு ஆமிஷ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. அவ்வழக்கு எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா என்பதைப் பற்றியது. எட்டாம் வகுப்புவரை அவர்களும் பள்ளிக்கு அனுப்பியவர்களே. அதைவிட முக்கியமானது, ஆமிஷ் மக்கள் வீட்டில் இன்றும் தங்கள் செருமானியக் கிளைமொழியைப் பேசுகிறார்கள். செருமானிய வேதாகமத்தையே வழிபாட்டில் வைத்திருக்கிறார்கள். உலகத்திலிருந்து ஒதுங்கியவர்கள் தங்கள் மொழியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நாமோ மொழியை விட்டுவிட்டு ஒதுங்குகிறோம்!

செருமனியில் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கல்விக்கு இடமில்லை. சமயக் காரணத்திற்காக அனுமதி கேட்ட ஒரு கிறித்துவக் குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. பள்ளி நேரம் போக மாலையிலும் வார இறுதியிலும் பெற்றோர் தம் நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தடையேதும் இல்லையே என்பது அங்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. செருமனியின் கண்டிப்பு நமக்கு வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி நண்பகல் கடந்ததும் முடிந்துவிடுகிறது. மீதி நாள் முழுவதும் உங்களுடையதே. ஒரு நாளின் சில மணிநேரத்தில் கலைந்துபோகும் அளவுக்கா உங்கள் வீட்டு விசுவாசம் வலுவற்றது?

இரண்டு மறுப்புகள்

"ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் கற்றுக்கொள்வானே!" என்பது முதல் மறுப்பு. நானும் பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறேன். கிடைப்பது வாரத்தில் ஒரு மணிநேரம். பாட்டு, ஜெபம், கதை, வண்ணந்தீட்டல் போக எழுத்துக்கு என்ன மிஞ்சும்? அதுவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தமிழ்ச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளி இன்னும் தமிழில் நடக்கிறது? பெரியவர்களுக்குத் தமிழ் ஆராதனை, பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு என்பது வழக்கமாகி வருகிறது. இப்படியே போனால் தமிழ் ஆராதனையில் நாளை யார் அமர்வார்?

"தமிழால் என்ன பயன் டீச்சர்? ஆங்கிலம் இருந்தால் உலகத்தில் எங்கும் பிழைக்கலாம்" என்பது இரண்டாவது. உலகத்தில் எங்கும் பிழைக்கலாம். உள்ளூரில் என்ன செய்வான்? மலாய்மொழியில் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. அச்சான்றிதழ் இல்லாமல் அரசுப் பணியின் வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும். அவன் பாட்டியின் மொழியை மட்டுமன்று, நாட்டின் மொழியையும் இழக்கிறான். நாளை அவன் வளர்ந்து, "நான் தமிழாசிரியராக வேண்டும்" என்று விரும்பினால் ஆசிரியர் பயிற்சிக் கழகம் அவனை ஏற்காது. பதினேழு வயதில் அவன் எடுக்க வேண்டிய முடிவை ஏழு வயதிலேயே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அவன் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது முறையன்று. எனவே மூன்று தரப்பாருக்கும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பெற்றோருக்கு: பிள்ளையைப் பதிவுசெய்யும் நாளிலேயே உங்கள் சமயத்தைத் தெரிவித்து, வழிபாட்டு நிகழ்வுகளில் பிள்ளை பங்கேற்க வேண்டியதில்லை என்று பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். ஒருவர் இருவராக ஒவ்வொருவரும் விலகிக்கொண்டே போனால், அடுத்துச் சேரும் கிறித்துவப் பிள்ளை அந்த வகுப்பில் முற்றிலும் தனித்து விடப்படும். வேறு வழியே இன்றி வீட்டில்தான் கற்பிக்க வேண்டும் என்றால், அமைச்சிடம் முறைப்படி விலக்குக் கேளுங்கள். நாள்தோறும் ஒரு மணிநேரம் தமிழையும் ஒரு மணிநேரம் மலாயையும் கற்பியுங்கள்.

போதகர்களுக்கு: உலகத்தைவிட்டு விலகுங்கள் என்று மேடையில் முழங்குவது எளிது. இளந்தாய்மார் அதைக் கேட்டு வந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்குகிறார்கள். உங்கள் சபையில் தமிழ் வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வரும் ஞாயிறன்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்களைக் கலங்கவைக்கவில்லை என்றால் நான் எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் சக ஆசிரியர்களுக்கு: மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிகிறது என்று கூட்டந்தோறும் புலம்புகிறோம். நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், முப்பதுக்கும் குறைவான மாணவருடன் தவிக்கும் பள்ளிகள் ஏராளம். இந்நிலையில் தானாக வந்து சேர்ந்த பிள்ளையைத் திருநீற்றைக் காட்டித் துரத்தலாமா? அந்நேரத்தில் அப்பிள்ளையை நூலகத்தில் அமர்த்தி ஒரு கதைநூலைக் கையில் கொடுங்கள். அதுவும் கல்விக்கான வழிபாடுதான். நன்னெறிக் கல்விப் பாடத்தில் பிற சமயத்தாரை மதிக்க வேண்டும் என்று கற்பிக்கிறோம். அப்பாடம் முதலில் நமக்கு!

நிறைவாக...

அன்று விடைபெறும்பொழுது என் மாணவியிடம் இவற்றுள் பாதியைச் சொன்னேன். அவள் கண்கலங்கினாள். "அவன் திரும்பவும் அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வேன் டீச்சர்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. பள்ளியில் இனி அப்படி நடக்காது என்று ஓர் ஆசிரியையாக என்னால் சத்தியம் செய்து கொடுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த வேதனை.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் பையன் என் வீட்டிற்கு வருகிறான். உயிரெழுத்துகள் முடிந்துவிட்டன. உயிர்மெய்யில் 'ங'கர வரிசையைத் தாண்டி வந்திருக்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை, தாயைப் போலவே. ஆனால் ஒரு பள்ளி கொடுக்க வேண்டியதைச் சனிக்கிழமை மாலையில் என்னால் கொடுத்துவிட முடியாது. அவனுடைய தாயார் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுதும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கடந்த வாரம் அவன் என்னிடம், "டீச்சர், பாட்டி புக்கு எப்போ படிக்கலாம்?" என்று கேட்டான். நான் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. மெய்யெழுத்து இன்னும் பதினாறு வரிசை இருக்கிறது.

சிந்திப்போம் அன்பர்களே. பாட்டிமார் காத்திருக்கிறார்கள்.